உடம்பு சொல்வதைக் கேட்போமா?



சேமிப்பு, கடன், வட்டி என்று மாதாமாதம் கணக்கு பார்க்கிறோம். ஒரு ரூபாய் குறைந்தாலும் விடுவதில்லை. ஆனால் நாற்பது வயசுக்கு மேல் நம் உடம்பில் நடக்கும் மாற்றத்தைப் பற்றி எந்தக் கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா?

எங்கள் குழுவில் 47 வயது உறுப்பினர் ஒருவர் தொடர்ந்து மூன்று கூட்டத்துக்கு வரவில்லை. தீர்மானப்படி அபராதம் போட்டோம். "பொறுப்பே இல்லை" என்றும் பேசினோம். நாலாவது கூட்டத்துக்கு வந்தவர் அழுதுவிட்டார்.

"ராத்திரி தூக்கமே இல்லக்கா. திடீர்னு நெருப்பு பட்ட மாதிரி சுடுது, வேர்த்துக் கொட்டுது. தீட்டு ரெண்டு மாசம் வரல, வந்தா பத்து நாள் நிக்கல. பருத்தி எடுக்கப் போனா தலை சுத்துது. கர்ப்பப்பையை எடுத்துட்டா சரியாயிடும்ங்கறாங்க. அதுக்குத்தான் கடன் கேக்க வந்தேன்."

கடன் பிறகு, முதலில் டாக்டரைப் பார்ப்போம் என்று இரண்டு பேர் துணைக்குப் போனோம். அரசு மருத்துவமனையில் ஸ்கேனும் இரத்தமும் பார்த்தார்கள். கர்ப்பப்பையில் கோளாறு இல்லை, மாதவிலக்கு நிற்கப் போகிற நேரம், இரத்தம்தான் குறைவு என்று மருந்து கொடுத்தார்கள். ஆபரேஷன் தேவைப்படவில்லை. போட்ட அபராதத்தை அடுத்த கூட்டத்தில் ரத்து செய்தோம்.

என்ன நடக்கிறது?

வயசு ஏற ஏற சினைப்பையில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் சுரப்பது குறைகிறது. அதனால்தான் வெக்கை, வேர்வை, தூக்கமின்மை, எரிச்சல், மறதி, மூட்டு வலி எல்லாம் வருகின்றன. தொடர்ந்து 12 மாதம் தீட்டு வராவிட்டால் மாதவிலக்கு நின்றுவிட்டது என்று பொருள். நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47 வயதை ஒட்டி இது நடக்கிறது. இது நோய் அல்ல. வயசுக்கு வந்தது போல இதுவும் ஒரு பருவம். 40 வயதுக்கு முன்பே நின்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கர்ப்பப்பையை எடுத்துவிடலாமா?

கர்ப்பப்பையை எடுப்பதால் வெக்கையும் வேர்வையும் போகாது. சினைப்பையையும் சேர்த்து எடுத்தால் இந்தத் தொல்லைகள் ஒரேயடியாக வரும், எலும்பும் சீக்கிரம் தேயும். மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் ஏராளமானோர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டது 2019-இல் பெரிய செய்தியானது. வேலைக்கு வராத நாளுக்கு அங்கே அபராதம். அதைப் படித்தபோது நாங்கள் போட்ட அபராதம்தான் நினைவுக்கு வந்தது. தேவையில்லாத கர்ப்பப்பை அறுவை சிகிச்சைகளைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆபரேஷன் அவசியமான நோய்களும் உண்டு. ஆனால் ஒரு டாக்டர் சொன்னதும் கையெழுத்து போடாமல், இன்னொரு டாக்டரையும் கேளுங்கள்.

உடனே போக வேண்டியது எப்போது?

- தீட்டு நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும்
- கட்டி கட்டியாக அதிகப்படியான போக்கு இருந்தால்
- உறவுக்குப் பின் இரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தால்
- மார்பில் கட்டி தட்டுப்பட்டால்

"இந்த வயசுல இதைப் போய் எப்படிச் சொல்றது" என்று கூச்சப்பட்டு இருந்துவிடாதீர்கள். இவை புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஆரம்பத்திலேயே கண்டால் குணப்படுத்தலாம். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். பிரஷர், சர்க்கரையையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

நாமே செய்யக்கூடியது

கேழ்வரகு, எள், முருங்கைக்கீரை நம் பக்கம் கிடைப்பவைதான். பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடாமல் நமக்கும் ஒரு பங்கு எடுத்து வைப்போம். இரத்த மாத்திரை போடும்போது கூடவே டீ குடிக்கக் கூடாது. வெற்றிலையோடு புகையிலை வேண்டாம். மக்காச்சோளக் காட்டிலோ முந்திரித் தோப்பிலோ வேலை செய்யும்போது வெக்கை ஏறினால் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரலாம். அது சோம்பேறித்தனம் அல்ல. தொல்லை தாங்க முடியாமல் இருந்தால் அதற்கும் மருந்து உண்டு. டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், மருந்துக் கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

இந்த மாதக் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் 40 வயது தாண்டியவர்கள் எத்தனை பேர்? அவர்களில் பரிசோதனைக்குப் போனவர்கள் யார் யார்?
2. உடம்பு முடியாமல் வராதவருக்கு அபராதம் போடுவதா, அல்லது வீட்டுக்குப் போய் விசாரிப்பதா?
3. வீட்டுக்காரரிடமும் மகளிடமும் இதை எப்படி எடுத்துச் சொல்வது?

பேசி முடிவெடுத்ததைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். தனியாகப் போகக் கூச்சப்படுகிறவரோடு துணைக்கு ஒருவர் போங்கள்.