புண்ணுக்குள் இருக்கும் முள்

மறியலில் இருப்பவரைப் பற்றி, “என்ன செய்துபோட்டு உள்ளே போனவன்?” என்றே நாம் கேட்கிறோம். “சிறுவயதில் அவருக்கு என்ன நடந்தது?” என்று கேட்பதில்லை. இப்பாடத்தில் அதைக் கேட்டுப் பார்ப்போம்.

சிறுவயது மனவடு

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 9,500க்கு மேற்பட்ட வளர்ந்தோரிடம் நடத்திய ஆய்வொன்று 1998இல் வெளியானது. அடி உதை, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, தாய் அடிபடுவதைக் காணுதல் முதலிய அனுபவங்கள் சிறுவயதில் கூடக்கூட, பிற்காலத்தில் மனச்சோர்வும் குடியும் நோயும் கூடியிருந்தன. சிறையில் இருப்போரிடையே இத்தகைய மனவடு வெளியில் இருப்போரைவிட அதிகம்.

எப்போது அடி விழுமோ என்று பயந்து வளர்ந்த பிள்ளை, வளர்ந்த பின்னும் காவலிருக்கிறது. கதவுச் சத்தத்துக்குத் திடுக்கிடும், நித்திரை வராது, சிறு சொல்லுக்கும் கோபம் பொங்கும். இது பதகளிப்பு. சிறைவாழ்வு இதை மேலும் கூட்டுகிறது.

மன்னிப்பின் நான்கு படிகள்

முள் உள்ளே இருக்க, மேலே புண் காய்ந்தும் பயனில்லை. விஸ்கொன்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் றொபேட் என்றைற் மன்னிப்பை நான்கு படிகளாக வகுத்தார்:

1. நடந்த அநீதியையும் அதனால் வந்த கோபத்தையும் வெளியே கொண்டுவருதல்.
2. மன்னிக்க முயல்வதெனத் தாமே தீர்மானித்தல்.
3. தீங்கு செய்தவரையும் காயப்பட்ட ஒரு மனிதராகப் பார்த்தல். தம் வலியைப் பிறர்மேல் இறக்காதிருத்தல்.
4. பட்ட துன்பத்தில் பொருள் கண்டு விடுதலை பெறுதல்.

கடுங்காவல் சிறையொன்றில் சிறு தொகையினருக்கு இம்முறையில் உளவளத்துணை வழங்கப்பட்டது. அவர்களின் கோபமும் பதகளிப்பும் மனச்சோர்வும் குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

மன்னிப்பு எது அல்ல?

செய்த தீங்கைச் சரியென்பது மன்னிப்பல்ல, மறப்பதல்ல, நீதி கேட்பதைக் கைவிடுவதுமல்ல. அடித்தவரோடு மீண்டும் ஒரே கூரையின்கீழ் வாழவேண்டும் என்பதுமில்லை. கைதி பிறரை மன்னிப்பதால் தாம் செய்த குற்றத்தின் பொறுப்பு நீங்கிவிடாது. எவரையும் வற்புறுத்தி மன்னிக்கச் செய்யவும் முடியாது.

மறியலால் திரும்பியவர் நம் வீட்டில் இருந்தால் துருவித் துருவிக் கேளாதிருப்போம். அவர் தாமாகப் பேசும்போது குறுக்கிடாமல் கேட்போம். நித்திரையின்மையும் நடுக்கமும் நீடித்தால் உளவளத்துணையாளரிடமோ வைத்தியரிடமோ கூட்டிச் செல்வோம். இடம்பெயர்ந்த வாழ்வின் நெருக்கடியில் நமது கோபம் பிள்ளைகள்மேல் விழாமல் காப்பதும் நம் கையில் உள்ளது.

கலந்துரையாட

1. “மன்னித்துவிடு” என்று ஒருவரை அவசரப்படுத்துவதால் என்ன தீங்கு நேரலாம்?
2. நமது வீட்டில் பிள்ளைகள் எந்தச் சத்தத்துக்குப் பயப்படுகிறார்கள்?