பெல்ட்டா, ஹார்னஸா, சிப்பா? நாயோடு வாக்கிங் போகிறவர்களுக்கு

திருட்டு என்றால் என்ன என்று விளக்கும் சட்டப் பிரிவிலேயே ஒரு நாய் வருகிறது. ஒருவர் நாய்க்குப் பிடித்த தீனியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடக்கிறார்; அடுத்தவர் நாய் அவர் பின்னால் போகிறது. நாயை அபகரிக்கும் எண்ணம் அவருக்கு இருந்தால், அது பின்தொடரத் தொடங்கிய நொடியிலேயே திருட்டு நடந்துவிட்டது. 1860-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எழுதிய இந்த உதாரணம், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவிலும் தொடர்கிறது. கையில் பிடித்திருக்கும் நாயைப் பிடுங்குவதைவிட அவிழ்த்துவிட்ட நாயை பிஸ்கட் காட்டிக் கூட்டிப்போவது சுலபம் என்பது திருடனுக்கு இன்றும் தெரியும்.

கடைக்குப் போகும் முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். சில பொருள்கள் நாயைப் போகவிடாமல் தடுப்பவை. சில, போன நாயைத் திரும்பப் பெற உதவுபவை. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும். கையில் இருக்கும் பணத்தை முதல் வகைக்குச் செலவிடுங்கள் என்பதே என் கட்சி.

முதலில் கயிறு. பட்டனை அழுத்தினால் நீண்டு சுருங்கும் லீஷ் பார்க்க வசதிதான். ஆனால் ஐந்து மீட்டர் தள்ளிப் போய்விட்ட நாய் உங்கள் கையில் இல்லை. பைக்கில் வருகிறவன் குனிந்து தூக்குவதற்குள் நீங்கள் சுருட்டி முடித்திருக்க மாட்டீர்கள். அந்தப் பிளாஸ்டிக் பிடி கைநழுவினால் அது தடதடவென்று பின்னால் உருண்டு வரும். மிரண்ட நாய் இன்னும் வேகமாக ஓடும். இரும்புச் சங்கிலியை எளிதில் வெட்ட முடியாது, உண்மைதான். வெட்டுகிற அளவுக்கு நேரம் இருக்கும் இடத்தில் நாயைக் கட்டிப்போட்டதுதான் அங்கே தப்பு. பால் வாங்க இரண்டே நிமிடம் என்று கடை வாசலில் கட்டாதீர்கள். வாக்கிங்குக்கு ஐந்தாறு அடி நீளமுள்ள பட்டையான நைலான் அல்லது பருத்திக் கயிறு போதும். பணத்தைக் கொக்கியில் போடுங்கள். தேய்ந்த கொக்கிதான் முதலில் கைவிடும்.

கயிற்றைப் பிடிக்கும் விதத்தில்தான் நாயின் பாதுகாப்பும் உங்கள் பாதுகாப்பும் மோதிக்கொள்கின்றன. மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டால் நாய் நழுவாது. ஆனால் யாராவது வண்டியிலிருந்து இழுத்தால் நீங்களும் ரோட்டில் இழுபடுவீர்கள். இடுப்பு பெல்ட்டில் மாட்டும் லீஷிலும் இதே ஆபத்துதான். கயிற்றின் வளையத்துக்குள் கட்டைவிரலை மட்டும் விட்டு, மீதியை உள்ளங்கையில் மடித்து இறுக்கிப் பிடியுங்கள். நாய் இழுக்கும்போது பிடி இறுகும். நீங்கள் விட நினைத்தால் விரல்களைத் திறந்தால் போதும். கத்தியைக் காட்டினால் விட்டுவிடுங்கள். வண்டி நம்பரைப் பார்த்துக்கொண்டு கத்திக் கூப்பாடு போடுங்கள்.

நடைபாதை இல்லாத தெருவில் வண்டிகளுக்கு எதிர்முகமாக, வலது ஓரமாக நடந்தால் பைக் பின்னாலிருந்து வந்து உரசாது. நாய் சுவர்ப் பக்கம் வரட்டும். செயின் பறிப்பவனுக்கும் இதே கணக்கு பொருந்தும்.

பெல்ட்டா, ஹார்னஸா என்றால் இனத்தைப் பார்க்க வேண்டும். பக், ஷிட்ஸு போன்ற தட்டை மூக்குக் குட்டிகளுக்குக் கழுத்தை இறுக்காத ஹார்னஸ்தான் சரி. முதுகில் கைப்பிடி வைத்த ஹார்னஸ் மட்டும் வேண்டாம். உங்களுக்குத் தூக்க வசதி என்றால் திருடனுக்கும் வசதி. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களுக்குத் தலை ஒடுக்கம். வெடிச்சத்தம் கேட்டு இரண்டடி பின்வாங்கினால் சாதாரண பெல்ட் அப்படியே கழன்று விழும். இழுத்தால் ஓரளவு மட்டும் இறுகும் மார்ட்டிங்கேல் பெல்ட் இவற்றுக்கென்றே இருக்கிறது. தீபாவளி வாரத்தில் காணாமல் போகும் நாய்கள் பல, முதலில் ஓடியவை. பிறகுதான் யாரோ எடுத்துப்போகிறார்கள்.

இரண்டாவது வகைக்கு வருவோம். பெல்ட்டில் தொங்கும் வில்லை, புளூடூத் டேக், ஜிபிஎஸ் மூன்றுக்கும் ஒரே பலவீனம்: பெல்ட்டைக் கழற்றி எறிந்தால் கதை முடிந்தது. வழிதவறிய நாய்க்கு வில்லையே போதும். அதில் போன் நம்பர் மட்டும் இருக்கட்டும், நாயின் பெயர் வேண்டாம். ஏர்டேக் என்ற புளூடூத் டேக்கில் இன்னொரு சிக்கல். அது பக்கத்தில் போகும் ஐபோன்கள் வழியாகத்தான் இடத்தைச் சொல்லும். தெரியாத டேக் ஒன்று கூடவே வருகிறது என்று திருடனின் போனுக்கே எச்சரிக்கையும் போகலாம். மனிதர்களை வேவு பார்ப்பதைத் தடுக்க வைத்த ஏற்பாடு, இங்கே திருடனுக்குத் துணை. சிம் போட்ட ஜிபிஎஸ் மேல்தான். ஆனால் சார்ஜ் பார்க்க வேண்டும், குட்டி நாய்க்குச் சுமை.

கழற்ற முடியாதது மைக்ரோசிப் ஒன்றுதான். அரிசி மணி அளவில் தோலுக்கடியில் போடுகிறார்கள். பேட்டரி இல்லை, இடத்தைக் காட்டாது. ஸ்கேனர் வைத்தால் 15 இலக்க எண்ணைச் சொல்லும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு உங்கள் இப்போதைய போன் நம்பர் பதிவாகியிருந்தால்தான் பலன். சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்குச் சிப்பைக் கட்டாயமாக்கியது. அங்கே இருப்பவர்கள் எப்படியும் போடத்தான் வேண்டும். நம்பர் மாறினால் திருத்தவும் மறக்காதீர்கள்.

கருத்தடையும் ஒரு காப்புதான். உயர்ஜாதி நாயைக் குட்டி போட வைத்துச் சம்பாதிக்கத் திருடுகிறவனுக்கு ஆபரேஷன் ஆன நாயால் பயனில்லை. "என்ன ப்ரீட் சார், என்ன விலை?" என்று கேட்கிறவரிடம் "ஆபரேஷன் பண்ணியாச்சுங்க" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.

தினமும் நேரத்தையும் வழியையும் மாற்றுங்கள் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரே நேரத்தில் போகிறவரைத்தான் டீக்கடைக்காரருக்கும் இஸ்திரி வண்டிக்காரருக்கும் பூக்கார அம்மாவுக்கும் தெரியும். உங்கள் நாயை வேறு ஆள் இழுத்துப்போனால் அவர்கள் கேட்பார்கள். விடியாத ஐந்து மணிக்கு ஆளில்லாத தெருவில் போவதைவிட ஆறு, ஆறரை மேல். கோடையில் வெயில் ஏறிவிட்டால் தார் ரோடு காலைச் சுடும்.

யார் கூட்டிப்போவது? பத்து வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பாதீர்கள். சம்பளத்துக்கு வாக்கிங் கூட்டிப்போகிறவர் ஒரே சமயத்தில் நான்கைந்து நாய்களைப் பிடித்திருந்தால், எதையும் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். 2021 பிப்ரவரியில் ஹாலிவுட்டில் பாடகி லேடி காகாவின் நாய்களோடு நடந்த ஊழியரைச் சுட்டுவிட்டு இரண்டு பிரெஞ்சு புல்டாக்குகளைக் கொண்டுபோனார்கள். நாய்கள் யாருடையவை என்று திருடர்களுக்குத் தெரியாது. இனத்தின் விலை தெரியும், அவ்வளவுதான்.

அந்த வழக்கில் காகா அறிவித்த பரிசு ஐந்து லட்சம் டாலர். நாய்களைத் திருப்பிக் கொடுத்த பெண்மீதே திருட்டுப் பொருளை வாங்கிய வழக்கு பாய்ந்தது. பரிசைக் கேட்டு அவர் போட்ட வழக்கும் தள்ளுபடியானது. உங்கள் நாய் காணாமல் போனால் போஸ்டரில் 'தக்க சன்மானம்' என்று மட்டும் போடுங்கள், தொகை வேண்டாம். அதற்கும் முன்னால், சிசிடிவி பதிவு அழிவதற்குள் தெருக் கடைகளில் கேட்டு வாங்கிவிடுங்கள். தடுப்பூசி அட்டை, உரிமம், சிப் எண், நாயோடு நீங்கள் நிற்கும் படம், வாங்கிய ரசீது எல்லாவற்றோடும் ஸ்டேஷனுக்குப் போங்கள். நாயின் மதிப்பைக் காட்ட ரசீது அவசியம்: திருடியதன் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தடவை குற்றவாளி என்று தீர்ப்பானவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், புதிய சட்டத்தில் தண்டனை சமூக சேவைதான்.