அலரி வளர்ப்போம், அவதானமாக வளர்ப்போம்

பூசைக்குப் பூப் பறிக்க முற்றத்தில் அலரி நின்ற வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். சிவனுக்கு உகந்த மலர் அது. திருவாரூர் மாவட்டத்துத் திருக்கரவீரம் சிவாலயத்தில் செவ்வலரியே தலவிருட்சம். கரவீரம் என்ற சொல்லின் பொருளும் அலரிதான். ஜேர்மனியில் இதே செடி 'ஒலியாண்டர்' என்ற பெயரில் பூக்கடைகளில் கிடைக்கிறது. நம்மவர் பலர் பல்கனியில் வைத்திருக்கிறார்கள். அதை வளர்க்கும் முறையையும், காக்க வேண்டிய எச்சரிக்கையையும் இங்கு பார்ப்போம்.

வெயிலும் நீரும்: நாள் முழுவதும் வெயில் படும் இடமே அலரிக்கு ஏற்றது. கோடையில் தண்ணீர் தாராளமாக வேண்டும்; வெப்பமான நாட்களில் சாடியின் அடித்தட்டில் சிறிது நீர் நின்றாலும் தாங்கும். வளரும் காலத்தில் ஒழுங்காக உரமிட வேண்டும்.

குளிர்காலம்: கடும் உறைபனிக்கு முன் செடியை உள்ளே எடுக்க வேண்டும். சூடான வரவேற்பறை இதற்கு ஏற்றதல்ல. 5 முதல் 10 பாகை வரையான குளிர்ச்சியும் வெளிச்சமும் உள்ள இடம் நல்லது. அக்காலத்தில் மண் முற்றாகக் காயாத அளவுக்கு நீர் விட்டாற் போதும். இலையின் அடியில் செதிற்பூச்சி பிடித்திருக்கிறதா என்று இடையிடையே பார்க்க வேண்டும்.

வெட்டுதல்: இவ்வாண்டு விரியாமல் நின்ற மொட்டுகள் அடுத்த ஆண்டில் பூக்கும். ஆகவே நுனிகளை எல்லாம் ஒரேயடியாக வெட்டக்கூடாது. முதிர்ந்த கிளைகள் சிலவற்றை மட்டும் அடியில் வெட்டலாம். கையுறை அவசியம், பால் கண்ணிலோ வாயிலோ படக்கூடாது.

இனி முக்கியமான விடயம். இலை, பூ, தண்டு, வேர், விதை என அலரியின் எல்லாப் பாகமும் நஞ்சு. காய்ந்த பின்னும் நஞ்சு போகாது. அதிலுள்ள ஒலியாண்ட்ரின் இருதயத் துடிப்பைக் குழப்பும். ஆகையால் வெட்டிய கிளைகளை எரிக்கக்கூடாது, புகையும் தீங்கானது. அலரிப் பூவைப் பாதத்தில் சாத்தலாம். நைவேத்தியத்தின் மேலோ, தீர்த்தத்திலோ, பிரசாதத் தட்டிலோ போடவே கூடாது. பூப் பறித்த கையைக் கழுவிய பின்பே உணவைத் தொட வேண்டும்.

ஊரில் அலரி நஞ்சு என்பது யாரும் சொல்லாமலே தெரிந்த செய்தி. இங்கு பிறந்த பிள்ளைக்கு அது அழகான பூ மட்டுமே. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இச்செடியைத் தவிர்த்து, செம்பருத்தி வைப்பதே நல்லது. பிள்ளை அலரியை வாயில் வைத்தால், அறிகுறி தெரியும்வரை காத்திராமல் உடனே 112ஐ அழையுங்கள். வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம். செடியின் பெயரைச் சொல்லுங்கள். ஒரு கிளையையும் கொண்டு செல்லுங்கள்.

அடுத்த பூசைக்குப் பூக் கொண்டுவரும்போது, கூட வரும் பிள்ளைக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம்.