ஏக்கர் கணக்கை எத்தனை முறை எழுதுவது?

ரோப்லாக்ஸ் ஸ்டூடியோவில் சொந்தமாக விளையாட்டு உருவாக்கிப் பார்த்த மாணவர்களுக்கு லூவா மொழி புதிதல்ல. (அங்குள்ளது லூவாவின் வழிவந்த லூவாவ், அடிப்படை ஒன்றுதான்.) 1993ஆம் ஆண்டில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் மூவர் சேர்ந்து லூவாவை உருவாக்கினர். போர்த்துகீசிய மொழியில் லூவா என்றால் நிலா. தனியாக இயங்குவதைவிட, வேறொரு பெரிய மென்பொருளுக்குள் குடியிருந்து வேலை செய்வதே இதன் சிறப்பு.

நம் கோலசிலாங்கூர் தோட்டங்களில் நிலத்தை இன்னும் ஏக்கரில் பேசுகிறோம். பாடநூலோ ஹெக்டர் கேட்கிறது. ஒரு மாணவி செம்பனைத் தோட்டப் பரப்பைக் கணக்கிட லூவாவில் நிரல் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். "எத்தனை ஏக்கர்?" என்று அது கேட்கும், விடையை 0.4047ஆல் பெருக்கித் திரையில் காட்டும். பிறகு உரக் கணக்குக்கு ஒரு நிரல், தஞ்சோங் காராங் நெல் வயலுக்கு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் அதே பெருக்கலை மீண்டும் தட்டுகிறார். உர நிரலில் மட்டும் இலக்கங்கள் இடம் மாறி 0.4407 ஆகிவிட்டது. 100 ஏக்கர், 40.47 ஹெக்டருக்குப் பதில் 44.07 ஹெக்டர் என்று வரும். ஹெக்டருக்கு 136 மரம் என்றால், இல்லாத 490 மரங்களுக்கு உரம் வாங்க வேண்டும்! கணினி பிழை என்று எதுவும் சொல்லாது. அதன் பார்வையில் இரண்டுமே எண்கள்தாம்.

தீர்வு, அந்தப் பெருக்கலைத் தனிக் கோப்பாக்குவது. இப்படிப்பட்ட கோப்பையே மாட்யூல் என்கிறோம். பலரும் இங்கேதான் அவசரப்படுவார்கள்: முழு நிரலையும் அப்படியே வேறு கோப்புக்கு மாற்றிவிட்டு மாட்யூல் ஆகிவிட்டது என்பார்கள். ஆகாது. கேள்வி கேட்கும் வரியும் திரையில் காட்டும் வரியும் அதில் இருந்தால், உர நிரல் அதை அழைக்கும் போதெல்லாம் தேவையில்லாத கேள்வி வந்து நிற்கும். அவ்விரண்டையும் பழைய நிரலிலேயே விடுங்கள். மாட்யூலுக்குள் இருக்க வேண்டியது ஒரு ஃபங்ஷன் மட்டுமே: ஏக்கர் உள்ளே போகும், ஹெக்டர் வெளியே வரும்.

அந்த ஃபங்ஷனை ஓர் அட்டவணைக்குள் வையுங்கள். "அளவு" என்று அதற்குப் பெயரிடலாம். கோப்பின் கடைசி வரியில் ரிட்டர்ன் போட்டு அட்டவணையைத் திருப்பி அனுப்புங்கள். மற்ற நிரல்கள் ரிக்வையர் என்ற கட்டளையால் அதை வாங்கிக்கொள்ளும். ரிட்டர்ன் வரியை மறந்தால் லூவா "ட்ரூ" என்ற மதிப்பை மட்டும் கொடுக்கும். "பூலியன் மதிப்புக்குள் தேட முடியாது" என்ற பொருளில் பிழைச் செய்தி வந்தால், முதலில் அந்தக் கடைசி வரியைப் பாருங்கள்.

இன்னொரு கண்ணி உண்டு. லூவாவில் லோக்கல் என்று குறிப்பிடாத மாறி எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவாகிவிடும். மாட்யூலில் "மொத்தம்", உர நிரலிலும் "மொத்தம்" என்றால் ஒன்று மற்றொன்றை அழிக்கும். லூவாவை உருவாக்கியவர்களையே இது யோசிக்க வைத்தது. 2006இல் வந்த 5.1 பதிப்பில் மாட்யூல் எழுத ஒரு குறுக்குவழி தந்தார்கள். அது பொதுப் பெயர்களை உண்டாக்கியது. 2011இல் 5.2 பதிப்பில் அதைக் கைவிடும்படி கூறிவிட்டார்கள். ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் லோக்கல் போடுங்கள்.

தமிழ் விக்கிப்பீடியாவிலும் 2013 முதல் லூவா குடியிருக்கிறது. ஒரே மாட்யூலை எண்ணற்ற பக்கங்கள் பயன்படுத்துவதால், திருத்தம் எல்லாப் பக்கங்களுக்கும் போகும். தவறும் அப்படியே போகும். அதனால்தான் அங்கே மாற்றங்களை முதலில் மணல்தொட்டியில் சோதிக்கிறார்கள்.

நீங்களும் ஒன்றைச் சோதியுங்கள். "அளவு" கோப்பின் முதல் வரியில் "வந்துவிட்டேன்" என்று அச்சிடச் சொல்லுங்கள். ஒரே நிரலில் அதை மூன்று முறை ரிக்வையர் செய்யுங்கள். திரையில் அந்தச் சொல் ஒரு முறைதான் தோன்றும். லூவா முதல் முறை கோப்பை ஓட்டிவிட்டு, கிடைத்த அட்டவணையைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த இரண்டு முறையும் அதையே எடுத்துத் தருகிறது.