முட்டத்து வள்ளமும் ஷூமாக்கரும்

கேள்வி: எங்கள் ஊரில் பிளைவுட் வள்ளம் கட்ட ஆரம்பித்த காலத்தில், ஒரு ஜெர்மன் பொருளாதார அறிஞர் தொடங்கிய அமைப்பு உதவி செய்தது என்று தாத்தா சொல்வார். யார் அவர்? பேராசிரியரா? பொருளாதாரம் படித்தவருக்கு வள்ளத்தில் என்ன வேலை?
– கல்லூரி மாணவி, முட்டம்

பதில்: தாத்தா சொன்னது சரிதான். அவர் பெயர் எர்ன்ஸ்ட் ஃபிரெடரிக் ஷூமாக்கர். 1911இல் ஜெர்மனியின் பான் நகரில் பிறந்தார். அப்பா பொருளியல் பேராசிரியர். தங்கையை மணந்தவர் இயற்பியலாளர் ஹைசன்பர்க். 1930இல் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். 22 வயதில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்தார். அப்பாவைப் போலப் பேராசிரியராகவே வாழ்ந்து முடிக்க எல்லா வாய்ப்பும் இருந்தது.

ஹிட்லரின் ஆட்சி பிடிக்காமல் 1937இல் இங்கிலாந்தில் குடியேறினார். போர் வந்ததும், ஜெர்மன்காரர் என்பதற்காக அங்கே முகாமில் அடைக்கப்பட்டார். வெளியே வந்த பிறகு நார்தாம்ப்டன்ஷயரில் ஒரு பண்ணையில் கூலியாளாக வேலை பார்த்தார். நாடுகள் தங்களுக்குள் கடனை எப்படித் தீர்த்துக்கொள்ளலாம் என்று அவர் எழுதிய கட்டுரை 1943இல் ‘எகனாமிகா’ இதழில் வந்தது. பொருளியலாளர் கெயின்ஸ் அப்போது முன்வைத்த திட்டத்துக்கு மிக நெருக்கமான யோசனை அது. மண்ணில் வேலை செய்த அந்தக் காலம்தான் அவருடைய உண்மையான கல்லூரி என்று நான் நினைக்கிறேன். பிற்பாடு இயற்கை வேளாண்மைக்காக அவர் வாதாடியதற்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

1950 முதல் 1970 வரை பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியத்தில் பொருளாதார ஆலோசகர். ஆக, முழுநேரப் பேராசிரியர் இல்லை. இருபது வருடம் எரிபொருள் கணக்குப் பார்த்தவர். மலிவாகக் கிடைக்கிறதே என்று எண்ணெயை நம்பி இருக்காதீர்கள் என்று அவர் அப்போதே எச்சரித்தார். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோதுதான் உலகம் காது கொடுத்தது. அவருடைய ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ நூல் வெளியானதும் அதே வருடம்.

இடையில் 1955இல் ஆலோசகராகப் பர்மா போனார். 1960களின் தொடக்கத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண் அழைத்து இந்தியாவுக்கு வந்தார். இங்கே பார்த்ததை அவர் ஒரு கணக்காகச் சொன்னார். ஓர் ஆளுக்கு வேலை கொடுக்க ஆகும் கருவிச் செலவைப் பாருங்கள். ஏழை நாட்டின் பழைய கருவி ஒரு பவுண்டு என்றால், பணக்கார நாட்டின் எந்திரம் ஆயிரம் பவுண்டு. ஆயிரம் பவுண்டு எந்திரம் வந்து இறங்கினால் ஒரு பவுண்டுக் கருவி செத்துப்போகும். ஆனால் அதை நம்பிப் பிழைத்த எல்லோருக்கும் ஆயிரம் பவுண்டில் வேலை தர எந்த நாட்டிடமும் பணம் இல்லை. அதனால் நூறு பவுண்டில் ஒரு கருவி வேண்டும். அதை உருவாக்கத்தான் 1966இல் லண்டனில் இடைநிலைத் தொழில்நுட்ப வளர்ச்சிக் குழுவைத் தொடங்கினார்.

இந்தக் கணக்கை உங்கள் கடப்புறத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் கட்டுமரம். அலையடியைத் தாண்டிப் போக அதைவிட நல்லது இல்லை. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மணலில் காயப்போட்டுவிடலாம். ஆனால் அதற்கு ஏற்ற பெருத்த, லேசான தடி கிடைப்பது அரிதாகி, விலையும் ஏறிக்கொண்டே போனது. மறுபக்கம் விசைப்படகு. அதற்குத் துறைமுகம் வேண்டும், முதலாளி வேண்டும்; கரையோர மீனையும் அது வாரிக்கொண்டு போனது. நடுவில் ஒன்றும் இல்லை.

அந்த இடத்தை நிரப்பத்தான் கோட்டார் சமூக சேவைச் சங்கத்தின் முட்டம் படகு கட்டும் நிலையத்தில் பெல்ஜியத்துக்காரர் பியர் ஜிலே பாடுபட்டார். 1980களின் தொடக்கத்தில் ஷூமாக்கரின் குழு வழியாகப் பிரிட்டிஷ் பொறியாளர் எட்வின் கிஃபோர்டும் சேர்ந்துகொண்டார். பிளைவுட் பலகைகளை அளவாக வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, துணி தைப்பதுபோல் ஒன்றோடொன்று தைத்து, மூட்டில் கண்ணாடி இழையும் பிசினும் வைத்து இறுக்கும் முறை அது. அதில் வந்த ஒரு வடிவத்துக்குக் ‘கோட்டார்கட்’ என்றே பெயர். ஷூமாக்கர் அதைப் பார்க்கவில்லை. 1977 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தில் ரயில் பயணத்தின்போதே காலமாகிவிட்டார்.

அவரை எந்திரத்தின் எதிரி என்று சிலர் எழுதுவது தவறு. வள்ளம் கட்டத் தெரிந்தவர் உங்கள் ஊரிலேயே இருக்கிறார், உடைந்தால் ஒட்டவும் அவருக்குத் தெரியும், வள்ளம் ஓட்டுகிறவருக்கே சொந்தம் என்றால், அது அவர் கேட்ட எந்திரம்தான். ஆனால் வள்ளத்தோடு வெளிப்பொருத்து எஞ்சினும் மண்ணெண்ணெய்ச் செலவும் வந்து சேர்ந்தன. எண்ணெயைப் பற்றி அத்தனை வருடம் எச்சரித்த மனிதரின் வழியில் வந்த வள்ளம், எண்ணெய் விலையோடு கட்டிப்போடப்பட்டுவிட்டது. இது எனக்கு இன்றும் உறுத்துகிறது. மீனவருக்குத் தரும் மண்ணெண்ணெய் மானியத்தை அரசியலாக மட்டும் பார்க்கிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ஷூமாக்கரின் ‘பௌத்தப் பொருளியல்’ கட்டுரை மேற்கோள் காட்டுகிறவர்களில் ஒருவர் நம் தமிழர், ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்து, ஷூமாக்கருக்குச் சில வருடம் முன்பே அதே கொலம்பியாவில் படித்து, காந்தியோடு சேர்ந்து கிராமத் தொழில்களுக்கு உழைத்து, 1960இல் மதுரையில் மறைந்தவர். ஜெர்மன்காரரை உலகமே படிக்கிறது. குமரப்பாவை நம் பொருளியல் மாணவர்களே படிப்பதில்லை. வேதனையாக இருக்கிறது.

பாடப்புத்தகத்துக்கு வெளியே படிக்க விரும்பினால் ‘ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்’ நூலை முதலிலிருந்து தொடங்க வேண்டாம். மூன்றாம் பகுதியின் கடைசிக் கட்டுரை இந்தியாவின் வேலையின்மையைப் பற்றியது, அதை எடுங்கள். பிறகு நான்காம் அத்தியாயமான ‘பௌத்தப் பொருளியல்’. அங்கிருந்து குமரப்பாவின் ‘எகானமி ஆஃப் பெர்மனன்ஸ்’ நூலுக்குப் போங்கள். தாத்தாவிடம், முதல் பிளைவுட் வள்ளத்துக்கு எவ்வளவு செலவானது, அதற்கு வாங்கிய கடனை எத்தனை வருடத்தில் அடைத்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். நூறு பவுண்டுக் கணக்கு முட்டத்தில் எப்படி நடந்தது என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.