வானிற் கூறியது கூறல்

நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் "கூறியது கூறல்" ஒன்றென நன்னூல்வழி கற்பிக்கும் நாம், அதுவே குணமாகும் இடமொன்றை ஈண்டு ஆராய்வாம். விமானிக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கும் இடையே நிகழும் வானொலிப் பேச்சே அவ்விடமாகும்.

நம் மாணவருட் சிலர் கணினியிற் "பிளைற் சிமுலேற்றர்" கொண்டு விமானமோட்டிப் பழகுகின்றனர். தனியே பழகுவோர்க்கு, கட்டுப்பாட்டாளருக்குக் கூறவேண்டிய மறுமொழிகளைத் திரையே வரிசையாகக் காட்டும்; ஒன்றைத் தெரிந்து விசையை அழுத்தினாற் போதும். ஆயின், 2001ஆம் ஆண்டு தோன்றிய "வற்சிம்" என்னும் வலையமைப்பிற் சேர்ந்தால் மறுமுனையிற் பேசுபவர் மனிதரே. மெய்யான பாடம் அங்கேதான் தொடங்குகின்றது.

"ஓடுபாதை இரண்டு ஏழின் முன்னே நிற்க" என்று கோபுரம் பணித்தால், "சரி" என்பது விடையாகாது. "ஓடுபாதை இரண்டு ஏழின் முன்னே நிற்போம்" என, விமானத்தின் அழைப்புப் பெயரையுஞ் சேர்த்துத் திருப்பிக் கூறல் வேண்டும். இருபத்தேழு என்னாது இலக்கங்களைத் தனித்தனியே உரைப்பது செவி மயங்காமைப் பொருட்டு. "றொஜர்" என்பதற்குக் "கேட்டேன்" என்பதே பொருள், "அனுமதித்தேன்" என்பதன்று. திருப்பிக் கூறியதிற் பிழையிருப்பின் கட்டுப்பாட்டாளர் உடனே திருத்துவர்.

இவ்விதியின் அருமையை 27.03.1977 அன்று நிகழ்ந்த விபத்து உணர்த்தும். கனேரித் தீவுகளுள் ஒன்றான தெனெரீபின் விமான நிலையத்தை அன்று மூடுபனி சூழ்ந்திருந்தது. ஒல்லாந்து விமானமொன்று செல்லவேண்டிய வழிக்கு மாத்திரம் அனுமதி பெற்றிருந்தது. மேலெழ அனுமதி பெற்றிலது. எனினும், வழியனுமதியிலும் "ரேக்-ஓஃப்" என்னுஞ் சொல் கலந்திருந்தது. துணைவிமானி அதனைத் திருப்பிக் கூறியபின், தாம் "ரேக்-ஓஃப்" நிலையில் உள்ளதாக உரைத்தார். நிற்கின்றனரா, புறப்பட்டு விட்டனரா என்பது அத்தொடரில் தெளிவாகவில்லை. நன்னூலார் "மயங்க வைத்தல்" என்றது இதனையே. கோபுரம் "ஓகே" என்றது. "காத்திருக்க" என அது தொடர்ந்து பணித்ததும், அதே ஓடுபாதையிற் சென்றுகொண்டிருந்த அமெரிக்க விமானம் தன் இருப்பை அறிவித்ததும் ஒரே கணத்தில் நிகழ்ந்தமையால், இரு குரலும் கலந்து கீச்சொலியாய்ச் சிதைந்தன. விமானங்கள் மோதின, 583 பேர் மாண்டனர். அதன்பின், மேலெழ அனுமதி வழங்கும்போதும் அதனை மீட்கும்போதுமன்றி "ரேக்-ஓஃப்" என்னுஞ் சொல்லை வழங்கலாகாதென விதி வகுத்தனர்.

வகுப்பில் "விளங்கிற்றா?" என நாம் வினவ, "ஓம், சேர்" என்று ஒருங்கே எழும் குரலை நம்பி அடுத்த பாடத்துக்குச் சென்ற நாட்கள் பல. பிழையைப் பரீட்சைத் தாளிலேதான் கண்டோம். இனி, "விளங்கியதைத் திருப்பிச் சொல்" என்றே கேட்போமாக.