300 சொல்லுக்குள் எதைச் சொல்வது?

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாநாட்டுக்கென்று நீ எழுதி அனுப்பிய அப்ஸ்ட்ராக்டை நேற்று இரவும் இன்று காலையும் படித்தேன். கண்ணாடி விரியன் கடித்து வருகிறவர்களுக்கு விஷமுறிவு மருந்து ஏற்றத் தாமதமானால் சிறுநீரகப் பாதிப்பு கூடுகிறதா என்பது உன் கேள்வி. வயலிலும் வரப்பிலும் வேலை செய்கிறவர்களுக்கு வேண்டிய கேள்வி அது. பி.ஜி. படிப்பில் ஒரு போஸ்டர் கணக்குக் காட்ட வேண்டுமே என்று கைக்குக் கிடைத்த தலைப்பை எடுக்காமல் இதை எடுத்தாயே, அதில் எனக்கு மிகவும் சந்தோஷம். ஆனால் நீ எழுதியிருக்கும் விதத்தில் அந்தக் கேள்வி ஏழாவது வரியில்தான் தலைகாட்டுகிறது.

மாநாட்டில் படிக்கப்படும் ஆய்வுகளில் பெரும்பாலானவை முழுக் கட்டுரையாக வெளிவருவதே இல்லை. காக்ரேன் அமைப்பின் 2018 மதிப்பாய்வு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மாநாட்டுச் சுருக்கங்களைத் தொகுத்துப் பார்த்தது. முழுக் கட்டுரையானவை 100-க்கு 37 மட்டுமே. மீதிக்கெல்லாம் அந்த ஒரு சுருக்கம்தான் மிஞ்சியது. வலியிலும் பயத்திலும் வந்த நேரத்தில் கையெழுத்துப் போட்டு, உன் ஆய்வுக்கென்று ரத்தமும் கொடுத்த ஜனங்களைப் பற்றி உலகத்துக்குத் தெரியப்போவது ஒருவேளை இந்த 300 சொல் மட்டுமாக இருக்கலாம். அந்த எண்ணத்தோடு எழுது. மற்றதெல்லாம் தானாகச் சரியாகிவிடும்.

பின்னணிக்கு இரண்டு வரி போதும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்ற மதிப்பீடு ஒரு வரி. தாமதத்துக்கும் சிறுநீரகத்துக்கும் உள்ள தொடர்பில் எது இன்னும் தெளிவாகவில்லை என்பது அடுத்த வரி. உடனே கேள்விக்கு வந்துவிடு. சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் ஆய்வை உனக்கு வகுப்பில் சொல்லியிருப்பார்கள். வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிடுகிறவர் சானடோரியத்தில் படுத்திருப்பவரைப் போலவே குணமாவாரா? இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்துப் பார்த்து 1959-இல் விடையை வெளியிட்டார்கள். காசநோய் என்றாலே ஊரைவிட்டு ஒதுக்கிப் படுக்கவைப்பது என்ற வழக்கம் உலகெங்கும் தளர்ந்ததற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். கேள்வியை ஒரே மூச்சில் சொல்ல முடிந்ததால்தான் விடையும் எல்லாருக்கும் புரிந்தது.

தலைப்பையும் மாற்று. ‘மூன்றாம் நிலை மருத்துவமனையில் பாம்புக்கடி: ஓர் ஆய்வு’ என்பதிலிருந்து நீ எதைப் பார்த்தாய் என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பாம்பு, எந்தத் தாமதம், எந்த விளைவு, எந்த வகை ஆய்வு, இந்த நான்கும் தலைப்பிலேயே இருக்கட்டும்.

இனி செய்முறைப் பகுதி. என்னை அதிகம் நிறுத்தியது இதுதான். கடித்தது கண்ணாடி விரியன்தான் என்று எப்படி முடிவு செய்தாய்? அடித்த பாம்பைக் கொண்டுவந்தார்களா, செல்போனில் படம் காட்டினார்களா, அல்லது 20 நிமிட ரத்த உறைவுச் சோதனையில் ரத்தம் உறையாததையும் மற்ற அறிகுறிகளையும் வைத்து நீங்களாக முடிவு செய்தீர்களா? சுருட்டை விரியன் கடித்தாலும் ரத்தம் உறையாமல் போகும் அல்லவா? எத்தனை பேருக்குப் பாம்பைப் பார்த்து உறுதி செய்தீர்கள் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். தீவிரச் சிறுநீரகப் பாதிப்பு என்று எதை எடுத்துக்கொண்டாய் என்பதும் இல்லை. கே.டி.ஐ.ஜி.ஓ. என்ற பன்னாட்டுச் சிறுநீரக வழிகாட்டுதலின் வரையறையைத்தான் பின்பற்றினாய் என்றால், 48 மணி நேரத்துக்குள் கிரியாட்டினின் 0.3 மி.கி. கூடியதா, ஏழு நாளுக்குள் ஒன்றரை மடங்கானதா, சிறுநீர் அளவையும் சேர்த்தாயா என்பதற்கெல்லாம் அந்தப் பெயரும் ஆண்டும் கொண்ட அரை வரி போதும். கடி பட்டு வருகிறவர்களின் பழைய கிரியாட்டினின் அளவு நம்மிடம் இருக்காது. அதற்குப் பதிலாக எதை அடிப்படையாக வைத்தாய்?

‘தாமதம்’ என்பதையும் யோசி. கடித்த நேரம் வீட்டார் சொல்வது. அவர்கள் கடிகாரம் பார்த்தா சொல்கிறார்கள்? முதல் மருந்து பல பேருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஏற்றப்பட்டிருக்கும். அப்படி இருக்க, உங்கள் வார்டில் ஏற்றிய நேரத்திலிருந்து கணக்குப் போட்டால் ஆய்வே தப்பாகிவிடும். ரெஃபரல் சீட்டில் எழுதியிருந்த நேரத்தை எடுத்தாயா என்று சுருக்கத்தில் சொல். ஆறு மணி நேரத்தை எல்லையாக வைத்துப் பிரித்திருக்கிறாய். அந்த எல்லையை ஆய்வு தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவுக்குக் கொடுத்த திட்டத்தில் எழுதியிருந்தால் அதைச் சொல். தரவைப் பார்த்த பிறகு வைத்தது என்றால் அதையும் மறைக்காமல் சொல். நாலு மணி, ஆறு மணி, எட்டு மணி என்று மாற்றி மாற்றிப் பார்த்து, நன்றாக வந்த எல்லையை மட்டும் காட்டுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம்.

இன்னொரு விஷயம், இதை உன் கைடும் கேட்பார். காஷுவால்டியிலேயே இறந்துபோனவர்களுக்குக் கிரியாட்டினின் பார்க்க நேரமே இருந்திருக்காது. அவர்கள் எங்கே போனார்கள்? டாக்டர் சொல்லையும் மீறி டிஸ்சார்ஜ் வாங்கிப் போனவர்கள்? விஷம் கடுமையாக ஏறியவர்களைத்தான் வீட்டார் அலறி அடித்துக்கொண்டு சீக்கிரம் தூக்கி வருவார்கள். தாமதமாக வந்தவர்கள் அதுவரை தாக்குப்பிடித்தவர்கள். ஆக இரண்டு கூட்டமும் தொடக்கத்திலேயே ஒன்றல்ல. இதனால் உன் ஆய்வு வீணாகிவிட்டது என்று நினைக்காதே. ‘தாமதத்தால் பாதிப்பு ஏற்படுகிறது’ என்று எழுதாமல் ‘தாமதத்தோடு சேர்ந்து பாதிப்பு கூடுதலாகக் காணப்பட்டது’ என்று எழுதும் கட்டாயத்தில் அது உன்னை வைக்கிறது. அவ்வளவே. மொத்தம் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேரைச் சேர்த்தாய், விட்டவர்களை ஏன் விட்டாய் என்பதற்கு ஒரு வரி ஒதுக்கு. அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் நான் ஒரு ஆய்வை நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்வேன்.

முடிவுகள் பகுதியில் ‘கணிசமான வேறுபாடு, பி மதிப்பு 0.05-க்குக் கீழ்’ என்று மட்டும் இருக்கிறது. இரண்டு பிரிவிலும் எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்ற எண்ணிக்கை முதலில் வரவேண்டும். அதன் பிறகு சதவீதம், அதன் பிறகு வேறுபாட்டின் அளவும் 95 சதவீத நம்பக இடைவெளியும். பி மதிப்பு கடைசியில் வந்தால் போதும். சுருக்கத்தின் எண்களை உன் தீசிஸ் அட்டவணைகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார். 1999-இல் ‘ஜாமா’ இதழில் வந்த ஓர் ஆய்வு ஆறு பெரிய மருத்துவ இதழ்களை எடுத்துக்கொண்டது. கட்டுரைக்குள் இல்லாத அல்லது அதோடு பொருந்தாத எண்கள் கொண்ட சுருக்கங்கள் இதழுக்கு இதழ் 18 முதல் 68 சதவீதம் வரை இருந்தன. பெரிய இதழ்களிலேயே இப்படி என்றால் டியூட்டி முடிந்து நடுராத்திரியில் டைப் செய்கிற பி.ஜி. எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும், பார்.

எதிர்பார்த்த விடை வரவில்லை என்றால்? வரவில்லை என்று எழுது. முதன்மை விளைவில் வேறுபாடு தெரியாத 72 மருத்துவச் சோதனைகளை ஒரு குழு ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டது. பாதிக்கும் மேற்பட்டவற்றில் சுருக்கத்தின் முடிவுரை உண்மையைப் பூசி மெழுகியிருந்தது. வேலைப்பளுவில் இருக்கும் டாக்டர் அந்த முடிவுரையை மட்டும்தான் படிப்பார், அதை வைத்து மருந்தும் எழுதுவார். உன் முடிவுரை உன் எண்கள் தாங்குகிற அளவுக்கு மேல் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது. ‘மேலும் ஆய்வுகள் தேவை’ என்ற வரியை அடித்துவிடு. அந்த இடத்தில், ரெஃபரல் சீட்டில் முதல் மருந்து ஏற்றிய நேரத்தைக் கட்டாயம் எழுத வேண்டும் என்பதுபோல், நீ கண்கூடாகப் பார்த்த ஒன்றைச் சொல். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியிருக்கிறது. இந்த நேரத்தில் அந்த மாதிரி வரிக்குப் பயன் உண்டு.

ஆசிரியர் பெயர்கள் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாய். மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது: ஆய்வில் உண்மையான பங்கு, எழுத்திலோ திருத்தத்திலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்பது. நான்கும் இருந்தால்தான் பெயர். கணக்கியலை உட்கார்ந்து செய்துகொடுத்த சமூக மருத்துவத் துறை உதவிப் பேராசிரியர் பெயர் உன் பட்டியலில் இல்லை. எழுத்திலும் பங்கெடுக்கச் சொல்லி அவரைச் சேர்த்துக்கொள். பதவிக்காக மட்டும் வரும் பெயரை நீயாகப் போய் எதிர்க்காதே, உன் நிலைமை எனக்குத் தெரியும். இந்த நிபந்தனைகளை உன் கைடிடம் காட்டி, அவரையே பேசச் சொல்.

சில்லறை விஷயங்கள்: பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாடு என்றால் சுருக்கத்துக்குள் ஆஸ்பத்திரி பெயர், ஊர் பெயர் வரக் கூடாது. நெறிமுறைக் குழு ஒப்புதல் எண்ணைக் கையில் வைத்துக்கொள். ஆய்வை வாசிக்கிறவர் மாநாட்டுக்குப் பதிவுக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும் என்ற விதி அநேகமாக இருக்கும். கடைசித் தேதியை நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்காராதே. ‘மதிப்பிற்குரிய விஞ்ஞானியே’ என்று மெயில் அனுப்பி அழைக்கும் மாநாடுகளின் பின்னால் பெரும்பாலும் எந்த மருத்துவச் சங்கமும் இருக்காது. பணத்தைக் கட்டிவிடாதே.

ஏற்காமல் திருப்பினால் மனம் உடையாதே. வயிற்றுப்புண்ணுக்குக் கிருமி காரணம் என்று கண்டுபிடித்த ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷலின் சுருக்கத்தை அவர் நாட்டுக் குடல்நோய்ச் சங்கமே 1983-இல் திருப்பி அனுப்பியது. அந்த ஆண்டு வந்த 67 சுருக்கங்களில் 56-ஐ ஏற்றார்கள், அவருடையது அதில் இல்லை. அதே ஆண்டு பிரஸ்ஸல்ஸில் நடந்த வேறொரு கூட்டத்தில் அதைப் படித்தார். 2005-இல் ராபின் வாரனோடு சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

திருத்தியதை எல்லா இணை ஆசிரியர்களுக்கும் அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டு அனுப்பு. மாநாட்டில் சுருக்கம் வந்துவிட்டால் பிறகு இதழ்கள் ஏற்காது என்று உன் சீனியர்கள் சொன்னதை நம்பாதே, பெரும்பாலான மருத்துவ இதழ்கள் அதை முன்வெளியீடாகக் கருதுவதில்லை. ஆகவே போஸ்டரைச் சுருட்டி வைத்ததும் வேலை முடிந்தது என்று இராமல், தரவு மனதில் இருக்கும்போதே முழுக் கட்டுரையை எழுதத் தொடங்கு. முதல் வரைவை எனக்கு அனுப்பு, உட்கார்ந்து படித்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா